மதகு எண்ணெய்க்கு வந்த மரியாதை

மதகு என்றால் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்க வேண்டும், மூட வேண்டிய நேரத்தில் மூட வேண்டும். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. நகரத்துக் குடிநீர்த் தேக்கத்தில் ஐந்து மதகுகள் இருந்தன. அவற்றின் பல்சக்கரங்களுக்கும் திருகுத் தண்டுகளுக்கும் மாதம் ஒரு முறை கறுப்புக் கிரீஸ் அப்புவார்கள். அப்பியதில் பாதி சக்கரத்தில் நிற்கும், மீதி தண்ணீரில் விழும். அந்தத் தண்ணீர்தான் குழாய் வழியே வீடுகளுக்குப் போகும். குடத்தின் மேல் ஏழு நிறத்தில் ஒரு படலம் மிதக்கும்.

மக்கள் புகார் எழுதினார்கள். துறையும் பொறுப்போடு பதில் எழுதியது: "தங்கள் குடத்தில் காணப்பட்டது வானவில்லாக இருக்கலாம். வானவில் ஓர் இயற்கை நிகழ்வு. அது இத்துறையின் வரம்புக்குள் வராது."

இந்தப் பதிலைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாதவர் ஒரே ஒருவர்தான். அரசு ஆய்வுக்கூடத்தின் வேதியியல் பிரிவில் வேலை பார்த்த அந்த அம்மாவை எல்லோரும் 'சொட்டு டாக்டர்' என்பார்கள். வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, படித்து வாங்கின பட்டம். குடுவையில் எண்ணெயைக் காய்ச்சி, மேலே இருந்து இன்னொன்றைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டு நாள் முழுக்க நிற்பார். அதில் அவசரப்பட்டால் குடுவை பொங்கிவிடும். ஒரு தடவை அவசரப்பட்டதற்குச் சாட்சியாகக் கூரையில் பழுப்பாக ஒரு கறை இருந்தது. அதற்குப் பிறகு அவர் எதிலும் அவசரப்படுவதில்லை.

கிரீஸுக்குப் பதிலாகச் செடியிலிருந்து வருகிற எண்ணெயைப் போட்டால், தண்ணீரில் விழுந்தாலும் கிருமிகள் தின்று தீர்த்துவிடும், யாருக்கும் கெடுதல் இல்லை என்பது அவர் கணக்கு. சூரியகாந்தி எண்ணெயை ஒரு டின்னில் ஊற்றி மதகுக்காரரிடம் கொடுத்தார். மதகுக்காரர் இருபத்திரண்டு வருடமாக அந்த ஐந்து சக்கரங்களைச் சுற்றிவருபவர். எந்த எண்ணெயையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்தே ஜாதகம் சொல்லிவிடுவார். ஆறு வாரம் கழித்து அவரே ஆய்வுக்கூடத்துக்கு வந்தார்.

"மேடம், நீங்க கொடுத்தது எண்ணெய். இப்ப சக்கரத்துல இருக்கறது கோந்து. ஒரு ஈ வந்து உக்காந்துச்சு. இன்னும் அங்கதான் இருக்கு."

"தெரியும். அதான் பிரச்சினை. எண்ணெய்க்குள்ள அங்கங்க கதவு திறந்து கிடக்கு. காத்து உள்ள பூந்து, ஒண்ணோட ஒண்ணைக் கோத்துவிட்டுடுது. முதல்ல அந்தக் கதவையெல்லாம் அடைக்கணும். அடைச்ச இடத்துல ஒரு கிளையை ஒட்டணும்."

"கதவை அடைக்கறது சரி, திருடன் வரமாட்டான். கிளை எதுக்கு?"

"நேரா இருக்கற குச்சிங்களை அடுக்கினா கட்டா நிக்கும். கிளையோட இருந்தா?"

"எங்க நிக்கும், சரிஞ்சிடும்."

"அதான். குளிர்ல உறையாம வழுக்கிக்கிட்டே இருக்கும்."

மதகுக்காரருக்குப் புரிந்துவிட்டது. இந்தக் கதையில் அதைப் புரிந்துகொண்ட கடைசி மனிதர் அவர்தான்.

ஃபார்மிக் அமிலத்தை எண்ணெயில் கலந்து, இளஞ்சூட்டில் வைத்து, ஹைட்ரஜன் பெராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கதவுகளை அடைத்தார் சொட்டு டாக்டர். பிறகு ஒரு வகை ஆல்கஹாலைச் சேர்த்துக் கிளைகளை ஒட்டினார். புளிப்பு போகும்வரை கழுவினார், ஈரம் போகும்வரை காய வைத்தார். முதல் முப்பது தடவையும் ஏதோ ஒன்று சரியில்லை. முப்பத்தொன்றாவது தடவை வந்த எண்ணெயை மதகுக்காரர் விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு டின்னைத் தூக்கிக்கொண்டு போனார். மூன்றாம் மதகில் போட்டார். ஒரு கோடை போனது, ஒரு குளிர்காலம் போனது.

"ஒத்தைக் கையால சுத்தினேன் மேடம். இன்னொரு கையில டீ கிளாஸ். ஒரு சொட்டு சிந்தலை."

இந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் எண்ணெய் வழுக்குகிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் எண்ணெயை அரசாங்கம் எப்படி மசகு எண்ணெய் என்று ஒப்புக்கொள்ளும்? அதற்கென்று மசகுப் பொருள் ஒப்புதல் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதற்கு ஓர் இணை இயக்குநர் இருந்தார். அவர் மேசையில் ஒரு காகிதம்கூட அசையாது. மின்விசிறியைப் போடமாட்டார், காகிதம் பறந்தால் பொறுப்பு யார் என்ற கேள்வி வரும்.

விண்ணப்பத்தை இரண்டு தடவை படித்துவிட்டு அவர் தலையை நிமிர்த்தினார்.

"மேடம், ரெண்டு வருஷம் கெடாதுன்னு மூணாம் பக்கத்துல எழுதியிருக்கீங்க. இருபத்தெட்டு நாள்ல சிதைஞ்சுடும்னு நாலாம் பக்கத்துல எழுதியிருக்கீங்க. இதுல எது பொய்?"

"ரெண்டும் உண்மை சார். டின்னுல இருந்தா கெடாது. தண்ணியில விழுந்தா கிருமிங்க தின்னுடும்."

"அது டின்னுல இருக்கா, தண்ணியில இருக்கான்னு கிருமிக்கு யார் தகவல் சொல்றது?"

"யாரும் சொல்ல வேண்டாம் சார். டின்னுக்கு மூடி இருக்கு."

"மூடியைப் பத்தி விண்ணப்பத்துல ஒரு வரிகூட இல்லையே," என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். மூடிக்குத் தனி விண்ணப்பம் போடப்பட்டது.

அடுத்த மாதம் இன்னொரு ஐயம் எழுந்தது. தாவர எண்ணெய் என்றால் அது உணவுப் பிரிவுக்குப் போக வேண்டியதல்லவா? போயிற்று. உணவுப் பிரிவில் மூன்று அதிகாரிகள் ஆளுக்கொரு கரண்டி சுவைத்தார்கள். ஒருவர் மூன்று நாள் விடுப்பில் போனார். மற்ற இருவரும் கையெழுத்திட்ட சான்றிதழ் வந்தது: "வாய்க்கு உகந்ததல்ல. வழவழப்பு மட்டும் மிகச் சிறப்பு."

"இதைத்தானே சார் நானும் சொல்றேன்," என்றார் சொட்டு டாக்டர்.

"நீங்க சொன்னா அது கருத்து. அவங்க சொன்னா அது சான்று," என்று இணை இயக்குநர் அதைக் கோப்பில் கோத்தார்.

எல்லாம் கூடி வருகிற நேரத்தில் ஊருக்கு ஒரு புது மோகம் வந்தது. எதை எடுத்தாலும் 'ரசாயனமற்றது' என்று எழுதியிருக்க வேண்டும். ரசாயனமற்ற சோப்பு வந்தது, ரசாயனமற்ற செருப்பு வந்தது, ரசாயனமற்ற உப்புகூட வந்தது. முடிதிருத்துகிறவர் ஒருவர் 'இங்கே ரசாயனமில்லாமல் முடி வெட்டப்படும்' என்று பலகை வைத்தார். அவர் முன்னாலும் கத்தரிக்கோலால்தான் வெட்டினார், பின்னாலும் கத்தரிக்கோலால்தான் வெட்டினார். ஆனால் பலகை வைத்த பிறகு வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது.

காலத்தோடு ஒட்டி நடப்பதில் துறைகள் பின்தங்குவதில்லை. ஒப்புதல் பிரிவுக்கு ஒரு பசுமை ஆலோசகரை நியமித்தார்கள். மரச் சட்டம் போட்ட மூக்குக் கண்ணாடி, நெய்த தறியின் நூல் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிற சட்டை. பேனா மை ரசாயனம் என்பதால் பென்சிலால்தான் கையெழுத்துப் போடுவார். அவர் சொட்டு டாக்டரின் விண்ணப்பத்தைக் கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துக்கொண்டு படித்தார்.

"'வேதியியல் மாற்றம்'னு போட்டிருக்கீங்களே மேடம். ஏன் மாத்தணும்? விதைக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா?"

"விதைக்கு மதகு ஓட்டணும்னு ஆசை கிடையாதே சார். அது முளைக்கத்தானே ஆசைப்படுது."

"இயற்கையைக் கேலி பண்றீங்க."

"இல்ல சார், மாத்தாம ஊத்தினா கோந்தாயிடும்னு சொல்றேன். ஏற்கனவே ஊத்திப் பார்த்தாச்சு. ஒரு ஈ..."

"ஈ உக்காந்துச்சா?" ஆலோசகர் முகம் மலர்ந்தது. "கிரீஸ்ல ஈ உக்காருமா? பார்த்தீங்களா, அதுக்கே தெரியுது எது நல்லதுன்னு."

பத்து நாளில் உத்தரவு வந்தது. "சூரியகாந்தி எண்ணெய் ஏற்கப்படுகிறது. அதன் மீது செய்யப்பட்ட மாற்றம் மட்டும் நிராகரிக்கப்படுகிறது." ஐந்து மதகுகளுக்கும் மாற்றம் செய்யாத பச்சை எண்ணெயை ஊற்றச் சொன்னார்கள். மூன்றாம் மதகை மட்டும் தொடவில்லை. அது 'சோதனையில் உள்ளது' என்ற கோப்பில் இருந்தது, சோதனை முடிந்தது என்று உத்தரவு போட வேண்டியவர் மாற்றலாகிப் போயிருந்தார்.

இரண்டு மாதத்தில் மதகுக்காரர் நாலு சக்கரமும் இறுகுகிறது என்று எழுதிப் போட்டார். பதில் வந்தது: "எண்ணெய் கெட்டியாவது அது கலப்படமற்றது என்பதற்குச் சான்று. மகிழ்ச்சி." அவர் அந்தக் கடிதத்தை மதகு அறைச் சுவரில் ஒட்டினார். ஒட்டுவதற்குப் பசை தேடவில்லை, சக்கரத்திலிருந்தே ஒரு விரல் கோந்தை எடுத்துக்கொண்டார்.

மழை வந்தது. வழக்கமான மழைதான். ஆனால் மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் நண்பகலில் தேக்கம் விளிம்பைத் தொட்டது. மதகுக்காரர் மூன்றாம் மதகை ஒற்றைக் கையால் திறந்தார். மற்ற நாலிலும் சக்கரத்துக்கு நாலு பேர் தொங்கினார்கள். சக்கரம் ஒரு பல்கூட நகரவில்லை. தண்ணீர் கரையைத் தாண்டிப் பள்ளத் தெருவுக்குள் இறங்கியது.

பள்ளத் தெருவில்தான் சொட்டு டாக்டரின் அக்கா குடியிருந்தாள். ஆய்வுக்கூடத்துக்குப் போன் வந்தது.

"தண்ணி வாசப்படி ஏறிடுச்சுடீ. தையல் மெஷினைத் தூக்கிக் கட்டில்மேல வச்சுட்டேன். உங்க அத்தானை எதுமேல வைக்கறது? அவருக்கு முட்டி மடங்காது, மாடிப்படி ஏறமாட்டேங்கறார்."

அக்கா வழக்கமாகத் தங்கையை அதட்டுகிற குரலில்தான் பேசினாள். ஆனால் கடைசி வார்த்தையில் குரல் நடுங்கியது. சொட்டு டாக்டர் போனை வைத்தார். அலமாரியில் மிச்சமிருந்த இரண்டு கேன் எண்ணெயையும் தூக்கிக்கொண்டு மழையில் ஓடினார். பத்து வருடத்தில் அவர் அவசரப்பட்டது அன்றைக்குத்தான்.

மதகின் மேல் பாலத்தில் மதகுக்காரர் உளியால் கோந்தைச் செதுக்கிக்கொண்டிருந்தார். கூட இருந்தவர்கள் மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தார்கள். செதுக்கின இடத்தில் சொட்டு டாக்டர் தன் எண்ணெயை ஊற்றினார். நிலைமையைப் பார்வையிடுவதற்காக இணை இயக்குநரும் குடையோடு வந்து சேர்ந்தார்.

"மேடம், நில்லுங்க! அந்த எண்ணெய் நிராகரிக்கப்பட்டது!"

"சார், ஊர் முழுகுது."

"முழுகட்டும். அதுக்காக நிராகரிச்சதை எப்படிப் பயன்படுத்தறது?" என்று அவர் ஓர் அடி முன்னால் வைத்தார். வைத்த இடத்தில் நிராகரிக்கப்பட்ட எண்ணெய் கொஞ்சம் சிந்தியிருந்தது. அது தன் கடமையைக் குறைவில்லாமல் செய்தது. இணை இயக்குநர் பாலத்தின் மறுகோடி வரை உட்கார்ந்தபடியே போனார்.

நாலு மணிக்கு இரண்டாம் மதகு முனகிக்கொண்டு அசைந்தது. ஐந்து மணிக்குள் எல்லாம் திறந்தன. பள்ளத் தெருவில் தண்ணீர் இடுப்பு வரை வந்து இறங்கியது. அத்தானை அக்கா சாப்பாட்டு மேசைமேல் உட்கார வைத்திருந்தாள். உயிருக்கு ஆபத்தில்லை. வீட்டுக்கு வீடு ஒரு முழம் சேறுதான் மிச்சம்.

விசாரணைக் குழு போட்டார்கள். அறிக்கை வந்தது: "நான்கு மதகுகள் இறுகியதற்குக் காரணம், அவற்றில் இடப்பட்ட எண்ணெய் போதிய அளவுக்கு இயற்கையாக இல்லாதது. மூன்றாம் மதகு திறந்ததற்குக் காரணம் தெரியவில்லை. தெரியாத காரணம் இயற்கைக் காரணமாகவே கொள்ளப்படும்."

சொட்டு டாக்டர் அதைப் படித்தபோது அக்கா வீட்டுச் சேற்றை வாரிக்கொண்டிருந்தார். காகிதத்தைக் கசக்கி அந்தச் சேற்றிலேயே எறிந்தார். அக்கா சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையில் ரசாயனமற்ற சோப்பு. நுரையும் இல்லை, அழுக்கும் போகவில்லை.

"உனக்குச் செய்யத் தெரியுது, சொல்லத் தெரியலைடீ," என்றாள் அக்கா. "ரசாயனம்னு எழுதினா யார் தொடுவாங்க? நானே தொடமாட்டேன்."

"அக்கா, தண்ணியே ரசாயனம்தான்."

"அதான் நான் கொதிக்க வச்சுக் குடிக்கிறேன்."

தங்கைக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அடுத்த மழைக்கு இன்னும் ஏழு மாதம். இந்த வீட்டுக்குள் இன்னொரு தடவை தண்ணீர் வரக் கூடாது. ஈரம் காயாத அந்தச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து புது விண்ணப்பம் எழுதினார். ஹைட்ரஜன் பெராக்சைடு 'உயிர்க்காற்று செறிந்த நீர்' ஆயிற்று. ஃபார்மிக் அமிலம் எறும்பிலும் இருப்பதால் 'எறும்பின் புளிப்பு' ஆயிற்று. ஆல்கஹால் 'தெளிந்த வடிநீர்' ஆயிற்று. "இவை இளஞ்சூட்டில், துளித்துளியாக, பொறுமையோடு பக்குவம் செய்யப்படுகின்றன." எழுதியதில் ஒரு வரியும் பொய்யில்லை. ஒரு வரியும் விளங்கவும் விளங்காது.

பசுமை ஆலோசகர் படித்தார். மரக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எறும்பு... எவ்வளவு சின்ன உயிர். அதுக்கிட்டயும் கத்துக்கிட்டீங்களே மேடம். இதைத்தான் நான் முதல்லேருந்து சொல்லிட்டிருந்தேன்."

பதினொரு நாளிலேயே ஒப்புதல் கிடைத்தது. விண்ணப்பத்தில் எங்கேயும் இல்லாத ஒரு வார்த்தையை ஆலோசகர் தாமாகவே முத்திரையில் சேர்த்திருந்தார்: 'முற்றிலும் ரசாயனமற்றது.' முத்திரையைப் பார்த்து மதகுக்காரர் தலையைச் சொறிந்தார்.

"மேடம், இது பொய்யில்லையா?"

"சக்கரம் ஓடுதா?"

"ஓடுது."

"அப்ப விடுங்க."

அவர் விட்டுவிட்டார். சொட்டு டாக்டருக்குத்தான் அந்த வார்த்தை தொண்டையில் முள் மாதிரி நின்றது. நாமா எழுதினோம், அவர்தானே எழுதினார் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார். முள் அசையவில்லை.

எண்ணெய் பிரபலமாயிற்று. மதகுக்கு வந்த எண்ணெயில் ஒரு சின்னப் புட்டி கிடைக்குமா என்று ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். தலையில் தேய்த்தார்கள், முழங்காலில் தேய்த்தார்கள். அத்தானுக்கு அக்கா காலையும் மாலையும் தேய்த்துவிட்டாள். முட்டி மடங்கவில்லை, ஆனால் படுக்கையறைக் கதவில் கொஞ்சம் பட்டு, அதன் கிறீச் சத்தம் நின்றுபோயிற்று. அக்கா இதையே எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ஆய்வுக்கூடத்துக்கு உத்தரவு வந்தது. "ரசாயனமில்லாமலே மிகச் சிறந்த மசகு எண்ணெய் தயாரிக்க முடியும் என்பது ஐயமற நிரூபணமாகியிருப்பதால், வேதியியல் பிரிவுக்கு இனித் தேவை இல்லை. பிரிவு மூடப்படுகிறது. அதில் பணிபுரியும் ஏழு பேரும் விடுவிக்கப்படுகிறார்கள்." சிறப்பு அழைப்பாளராக இருந்து பூட்டுப் போட வேண்டியவர், எண்ணெயைக் கண்டுபிடித்த சொட்டு டாக்டர்.

அவர் நேரே இணை இயக்குநர் அறைக்குப் போனார். உட்காரக்கூட இல்லை.

"சார், நான் உண்மையைச் சொல்லிடறேன். அந்த எண்ணெய் முழுக்க முழுக்க ரசாயனம். அந்தக் கூடத்துலதான் செஞ்சேன். கூடத்தை மூடினா எண்ணெய் கிடையாது."

இணை இயக்குநர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அவர் முகத்தில் கோபம் இல்லை, இரக்கம்தான் இருந்தது.

"மேடம், நீங்க பெரிய விஞ்ஞானியா இருக்கலாம். ஆனா நீங்க சான்றிதழ் இல்ல. சான்றிதழ்ல ரசாயனம் இல்லைன்னு இருக்கு. இருக்குன்னு நீங்க எழுதிக் கொடுங்க, வாங்கிக்கறேன். நாளைக்குக் காலையில அஞ்சு மதகையும் துடைச்சு, பழையபடி கோந்தை ஊத்தச் சொல்லி உத்தரவு போட்டுடறேன். எழுதித் தர்றீங்களா?"

பள்ளத் தெருவும், சாப்பாட்டு மேசைமேல் உட்கார்ந்திருந்த அத்தானும் சொட்டு டாக்டருக்கு நினைவுக்கு வந்தார்கள். எழுதிக் கொடுக்கவில்லை. பத்திரிகைக்கு மட்டும் எழுதிப் பார்த்தார். வாசகர்கள் கொதித்துப் போய்ப் பதில் எழுதினார்கள்: 'தான் கண்டுபிடித்த எண்ணெய்மேல் தானே பொறாமைப்படலாமா?'

கூடத்துக்குப் பூட்டுப் போட்ட ஐந்தாம் மாதம் மதகுக்காரர் காலி கேனோடு வீட்டு வாசலில் நின்றார்.

"தீர்ந்துடுச்சு மேடம். மேகம் கூடுது."

அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. சொட்டு டாக்டர் அடுக்களை மேடையைக் காலி செய்தார். ஜன்னல்களைத் திறந்தார். பழைய குடுவையையும் வெப்பமானியையும் எடுத்து வைத்தார். சொட்டு விடுகிற புனலைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். அக்கா வந்தாள்.

"இது என்னடீ?"

"உயிர்க்காற்று செறிந்த நீர்."

"அப்படிச் சொல்லு," என்று அக்கா கையுறையை மாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். தையல் போட்டுப் பழகிய கை. சொட்டு தவறவே இல்லை. கூடத்தில் யாருமே அவ்வளவு நன்றாகச் சொட்டு விட்டதில்லை.

நாலாம் நாள் பக்கத்து வீட்டிலிருந்து புகார் போய்விட்டது, இங்கே ரசாயன வாடை வருகிறதென்று. இணை இயக்குநரும் ஆலோசகரும் வந்து அடுக்களையைச் சோதனை போட்டார்கள். குடுவை, புனல், இரண்டு கேன் எண்ணெய் எல்லாம் கைப்பற்றப்பட்டன. குற்றச்சாட்டு இது: "அரசு ஒப்புதல் பெற்ற ரசாயனமற்ற மதகு எண்ணெயைப் போல, ரசாயனத்தைக் கொண்டு போலி எண்ணெய் தயாரித்தது."

கைப்பற்றியது போலிதானா என்று நிபுணர் ஒருவர் சொல்ல வேண்டும். பதிவேட்டைப் புரட்டினார்கள். மதகு எண்ணெயில் நிபுணர் என்று ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. ஆகவே ஒரே தபாலில் சொட்டு டாக்டருக்கு இரண்டு உறைகள் வந்தன. போலி எண்ணெய் காய்ச்சியதற்கு விளக்கம் கேட்டு ஒன்று. அந்த எண்ணெயைப் பரிசோதித்துக் கருத்துச் சொல்லும்படி பணிவோடு கேட்டுக்கொண்டு இன்னொன்று.

அவர் இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பிறகு பேனாவை எடுத்தார். இந்த முறை எறும்பும் இல்லை, உயிர்க்காற்றும் இல்லை. ஒவ்வொரு பொருளையும் அதன் சொந்தப் பெயரால் எழுதினார். கடைசி வரி: "இந்த எண்ணெயும் மதகு எண்ணெயும் ஒன்றே. எள்ளளவும் வேறுபாடு இல்லை." எழுதி முடித்ததும் தொண்டையில் இருந்த முள் இறங்கின மாதிரி இருந்தது. என்ன வேண்டுமானாலும் நடக்கட்டும், தலைக்குமேல் போன வெள்ளம் சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன.

நடந்தது வேறு. இணை இயக்குநர் கடைசி வரியை மட்டும் படித்தார், படித்துத் தீர்ப்பெழுதினார்: "கைப்பற்றப்பட்ட எண்ணெயும் மதகு எண்ணெயும் ஒன்றே என்று நிபுணர் கூறுகிறார். மதகு எண்ணெய் ரசாயனமற்றது என்று சான்றிதழ் கூறுகிறது. ஆகவே கைப்பற்றப்பட்டதும் ரசாயனமற்றதே. ரசாயனமற்ற பொருள்களை அடுக்களையில் சூடாக்குவதற்குச் சமையல் என்று பெயர். வழக்கு தள்ளுபடி."

குடுவை திரும்பி வந்தது. கூடவே ஒரு நியமன உத்தரவும் வந்தது. ஆய்வுக்கூடத்தின் பூட்டைத் திறந்து, அங்கே 'மதகுச் சமையற்கூடம்' என்று பலகை மாட்டினார்கள். சொட்டு டாக்டருக்குப் பதவி, தலைமைச் சமையலர்.

மற்ற ஊர்களிலிருந்தும் எண்ணெய் கேட்டு எழுதினார்கள். ஒரு சமையலரும் அக்காவின் கையும் போதவில்லை. இன்னும் ஆறு பேரை எடுக்க விளம்பரம் வந்தது. நேர்காணல் அன்றைக்கு வாசலில் ஆறே பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். வேதியியல் பிரிவிலிருந்து விடுவிக்கப்பட்ட அதே ஆறு பேர். ஆறு பேரும் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள். பட்டத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

மேசைக்குப் பின்னால் நடுவில் இணை இயக்குநர், இடப்பக்கம் ஆலோசகர், வலப்பக்கம் தலைமைச் சமையலர். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான், அதுவும் படிவத்திலேயே அச்சாகியிருந்தது. அதைத் தலைமைச் சமையலர்தான் கேட்க வேண்டும் என்பது விதி.

முதலில் உள்ளே வந்தவர் பதினாறு வருடம் சொட்டு டாக்டருக்குப் பக்கத்து மேடையில் நின்று வேலை பார்த்தவர். அவர் அளவைகளில் புள்ளிக்குப் பின்னால் நாலாவது இலக்கம்கூடப் பிசகாது. வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

சொட்டு டாக்டர் படிவத்தைப் பார்த்துப் படித்தார்.

"உங்களுக்கு ரசாயனம் தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"கொஞ்சம்கூட?"

"கேள்விப்பட்டதுகூட இல்லைங்க மேடம்."

ஆலோசகர் மகிழ்ந்துபோய்ப் பென்சிலால் முழு மதிப்பெண் போட்டார். சொட்டு டாக்டர் 'தகுதியுடையவர்' என்ற கட்டத்தில் ஒரு குறி இட்டுவிட்டு, தலையைத் தூக்காமல் சொன்னார்:

"அடுத்தவரை வரச் சொல்லுங்க."